சி லைப்ரரி ஃபங்ஷன்களை நாமே எழுதிப் பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்டர்லென் (ஸ்ட்ரிங்கின் நீளம்), ஸ்டர்கம்ப் (இரண்டு ஸ்ட்ரிங்கை ஒப்பிடுவது), மெம்காப்பி (பைட்டுகளை நகலெடுப்பது), மாலாக் (மெமரி வாங்குவது) போன்ற சி ஸ்டாண்டர்ட் லைப்ரரி ஃபங்ஷன்களைச் சொந்தமாக எழுதிப் பார்ப்பவர்களுக்குத் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பாயின்டரும் லூப்பும் ஓரளவு பழகியிருந்தால் போதும். வேறு எதுவும் சொல்லாத இடங்களில் 64 பிட் லினக்ஸ், ஜிசிசி கம்பைலர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லைப்ரரியில் ஏற்கெனவே இருக்கிறதே, எதற்காகத் திரும்ப எழுத வேண்டும்?

பலருக்கு முதல் காரணம் கேம்பஸ் இன்டர்வியூ. "லைப்ரரியைத் தொடாமல் ஸ்டர்லென் எழுதுங்கள்" என்பது நம் ஊர் பிளேஸ்மென்ட் தேர்வுகளில் பல காலமாகப் புழங்கும் கேள்வி. பாரிஸில் 2013-இல் தொடங்கிய 42 என்ற நிரலாக்கப் பள்ளியில், மாணவர்கள் செய்யும் முதல் புராஜெக்ட்டே இதுதான். இந்த ஃபங்ஷன்களை எல்லாம் சொந்தமாக எழுதி ஒரு லைப்ரரியாகக் கட்டி, அடுத்த புராஜெக்ட்களில் அதையே பயன்படுத்துகிறார்கள். இன்னொரு பக்கம் உண்மையான தேவையும் உண்டு. ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னலுக்கோ சின்ன மைக்ரோகன்ட்ரோலருக்கோ எழுதும்போது வழக்கமான லைப்ரரி கிடைக்காது. லினக்ஸ் கெர்னல் தன் ஸ்ட்ரிங் ஃபங்ஷன்களைத் தானே வைத்திருக்கிறது.

ஆனால் நான் இதைப் பரிந்துரைப்பது வேறொன்றுக்காக. ஒரு ஃபங்ஷனை எழுத உட்கார்ந்தால்தான் அதன் விளக்கத்தை வரிவரியாகப் படிப்போம். "இரண்டு பகுதிகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் விளைவு வரையறுக்கப்படவில்லை", "பைட்டுகளை அன்சைன்ட் சார் ஆக எடுத்துக்கொண்டு ஒப்பிட வேண்டும்" போன்ற வரிகளை வெறுமனே பயன்படுத்துபவர் கண்டுகொள்ள மாட்டார். எழுதுபவர் தாண்டிப் போகவே முடியாது. கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை அப்படிப்பட்ட ஒரு வரியைப் பற்றியவை.

என் ஃபங்ஷனுக்கு ஸ்டர்லென் என்றே பெயர் வைக்கலாமா?

வேண்டாம். ஸ்டர், மெம், இஸ், டு என்ற எழுத்துகளில் தொடங்கி அடுத்து ஒரு சிறிய ஆங்கில எழுத்து வரும் ஃபங்ஷன் பெயர்களை, சி மொழியின் விதிநூலான ஸ்டாண்டர்ட் தன் எதிர்காலத் தேவைக்காக ஒதுக்கி வைத்திருக்கிறது. நீங்களாக யோசித்து வைக்கும் புதுப் பெயர்கூட அதில் மாட்டலாம். தவிர, ஸ்டர்லென் என்ற பெயரைப் பார்த்ததும் ஜிசிசி தனக்குத் தெரிந்த ஃபங்ஷன் என்று எடுத்துக்கொண்டு, அழைப்பையே நீக்கிவிட்டு விடையை நேரடியாகப் போட்டுவிடக்கூடும். உங்கள் கோடு ஓடவே இல்லை என்பது உங்களுக்குத் தெரியாது. 42 என்ற அந்தப் பள்ளியின் மாணவர்கள் "எஃப்டி" என்ற முன்னொட்டு வைக்கிறார்கள். நீங்கள் "மை" வைத்தாலும் சரி, உங்கள் இனிஷியல் வைத்தாலும் சரி.

ஸ்டர்லென் நான்கே வரிதானே?

நான்கு வரிதான். பூஜ்ய பைட் வரும்வரை எண்ண வேண்டும், அந்தப் பூஜ்யத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. கவனிக்க வேண்டியது ரிட்டர்ன் வகை. இன்ட் என்று எழுதிவிடாதீர்கள், அது சைஸ்_டி. பிளஸ், மைனஸ் குறி இல்லாத வகை என்பதால் அதில் எதிர்ம எண் கிடையாது. அதனால்தான் "முதல் ஸ்ட்ரிங்கின் நீளத்திலிருந்து இரண்டாவதன் நீளத்தைக் கழித்து, பூஜ்யத்தைவிடப் பெரிதா என்று பார்" என்பது தவறான சோதனை. 3-இலிருந்து 5-ஐக் கழித்தால் -2 வராது, பிரம்மாண்டமான ஒரு நேர்ம எண் வரும்.

இன்னொன்றையும் செய்து பாருங்கள். "தமிழ்" என்ற சொல்லை யூடிஎஃப்-8 (யூனிகோட் எழுத்துகளை பைட்டுகளாக எழுதும் முறை) கோப்பில் எழுதி உங்கள் ஸ்டர்லெனுக்குக் கொடுங்கள். விடை 15 வரும். கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறிகள். ஒவ்வொன்றும் மூன்று பைட். 15 என்பது பிழை இல்லை. ஸ்டர்லென் பைட்டுகளை மட்டுமே எண்ணும் ஃபங்ஷன்.

நல் பாயின்டர் (எதையும் காட்டாத பாயின்டர்) வந்தால் என்ன செய்வது என்றும் கேட்கிறார்கள். செல்லுபடியாகும் ஸ்ட்ரிங்கைக் கொடுப்பது அழைப்பவரின் பொறுப்பு. நீங்கள் 0 என்று திருப்பினால் பிழை மறைந்துபோய் வேறெங்கோ முளைக்கும். அங்கேயே கிராஷ் ஆவது நல்லது என்பது என் கருத்து.

என்னுடையதைவிட லைப்ரரியின் ஸ்டர்லென் பல மடங்கு வேகமாக இருக்கிறதே, எப்படி?

அது பைட் பைட்டாகப் பார்ப்பதில்லை. முதலில் முகவரி 8-ஆல் வகுபடும் இடம்வரை நகர்ந்து, பிறகு எட்டு எட்டு பைட்டாக எடுத்து, "இந்த எட்டில் எங்காவது பூஜ்யம் இருக்கிறதா" என்று சில பிட் கணக்குகளில் கண்டுபிடிக்கும். இன்றைய பிராசஸர்களுக்கென அசெம்பிளியில் எழுதிய பதிப்புகள் ஒரே மூச்சில் 16 அல்லது 32 பைட் பார்க்கும். இப்படிப் படிக்கும்போது ஸ்ட்ரிங் முடிந்த பிறகும் சில பைட்டுகளைத் தொட நேரும். மெமரி பேஜ்களாக, வழக்கமாக 4096 பைட்டாக, பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒழுங்காகச் சீரமைந்த எட்டு பைட் ஒருபோதும் இரண்டு பேஜ்களில் கால் வைக்காது, அதனால் கிராஷ் ஆகாது. ஆனால் சி ஸ்டாண்டர்டின் கண்ணில் எல்லை தாண்டிப் படிப்பது தவறுதான். லைப்ரரி எழுதுபவர்கள் தங்கள் கம்பைலரையும் பிராசஸரையும் தெரிந்துகொண்டு அந்தச் சலுகையை எடுத்துக்கொள்கிறார்கள். நாம் எளிய லூப்போடு நிறுத்திக்கொள்வோம்.

ஸ்டர்கம்ப் ஆங்கிலத்துக்குச் சரியாக வருகிறது, தமிழுக்கு வரிசை மாறுகிறது. ஏன்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. காரணம் சார் என்ற வகையின் குறி.

"இசட்" என்ற ஆங்கிலப் பெரிய எழுத்தையும் "அ" என்ற தமிழ் எழுத்தையும் ஒப்பிடுவதாக வைத்துக்கொள்வோம். இசட்டின் மதிப்பு 90. யூடிஎஃப்-8-இல் "அ" என்பது 224, 174, 133 என்ற மூன்று பைட். 90 சிறியது, 224 பெரியது. எனவே இசட் முன்னால் வர வேண்டும். ஆனால் சாதாரண லேப்டாப்பில், அதாவது எக்ஸ்86 பிராசஸரில், ஜிசிசி சார் வகையைக் குறியுள்ளதாக எடுத்துக்கொள்ளும். அதில் 224 என்பது -32 ஆகிவிடும். 90-இலிருந்து -32-ஐக் கழித்தால் 122. நேர்மம்! "இசட் பெரியது" என்று உங்கள் ஃபங்ஷன் சொல்லிவிடும். அதே கோடை லினக்ஸ் ஓடும் ராஸ்பெரி பை-யில் கம்பைல் செய்தால் சரியான விடை வரும், ஏனென்றால் அங்கே சார் குறியில்லாதது. ஒரு கணினியில் பிழை, இன்னொன்றில் இல்லை. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தவருக்கு இது ஆயுளுக்கும் தெரியாது. தமிழில் ஒரு சொல் கொடுத்தால் உடனே தெரியும். ஸ்டாண்டர்ட் சொல்கிறபடி இரண்டு பைட்டையும் அன்சைன்ட் சார் ஆக மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள்.

இதே குழி, எழுத்தா, இலக்கமா என்று சோதிக்கும் இஸ்ஆல்ஃபா, இஸ்டிஜிட் குடும்பத்திலும் உண்டு. 256 இடமுள்ள அட்டவணை வைத்து எழுதினீர்கள் என்றால், குறியுள்ள சார் -32 ஆக உள்ளே வந்து அட்டவணைக்கு முன்னாலிருக்கும் மெமரியைப் படிக்கும். இந்த ஃபங்ஷன்களுக்குக் கொடுக்கலாம் என்று ஸ்டாண்டர்ட் அனுமதிப்பது 0 முதல் 255 வரையும், ஈஓஎஃப் (கோப்பு முடிந்தது என்ற அடையாளம்) மதிப்பும் மட்டுமே. தவறாகக் கொடுத்தாலும் உடையக் கூடாது என்று லினக்ஸின் வழக்கமான சி லைப்ரரியான ஜிலிப்சி தன் அட்டவணையை -128-இலிருந்தே தொடங்கி வைத்திருக்கிறது.

ஸ்டர்கம்ப், மெம்கம்ப் இரண்டும் -1, 0, 1 என்றுதான் திருப்ப வேண்டுமா?

இல்லை. மெம்கம்ப் என்பது மெமரியின் இரண்டு பகுதிகளை ஒப்பிடுவது. எதிர்மம் (முதலாவது சிறியது), பூஜ்யம் (சமம்), நேர்மம் (முதலாவது பெரியது) என்பது மட்டுமே வாக்குறுதி. எந்த எண் என்று சொல்லவில்லை. இதை மறந்ததால் வந்த விபரீதம் 2012-இல் மைஎஸ்கியூஎல், மரியாடிபி என்ற டேட்டாபேஸ் மென்பொருள்கள் இரண்டிலும் வெளிப்பட்டது. பாஸ்வேர்ட் சோதனையில் மெம்கம்ப்பின் விடையை ஒரு பைட் அகல வகையில் போட்டு வைத்திருந்தார்கள். மெம்கம்ப் -128 முதல் 127 வரைக்குள் விடை தரும்வரை சிக்கல் இல்லை. வேகத்துக்காக மாற்றி எழுதப்பட்ட சில மெம்கம்ப்கள் அதைவிடப் பெரிய எண்களைத் திருப்பின. கடைசி பைட் மட்டும் தற்செயலாகப் பூஜ்யமாக அமைந்தால், தவறான பாஸ்வேர்டும் "சரி" ஆகிவிடும். ஏறக்குறைய 256 முயற்சிக்கு ஒன்று. யூசர் பெயர் தெரிந்தவர் ஒரு சின்ன லூப் போட்டு உள்ளே நுழைய முடிந்தது. மெம்கம்ப் எழுதியவர் மீது தவறே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

மெம்காப்பிக்கும் மெம்மூவுக்கும் என்ன வித்தியாசம்?

இரண்டும் பைட்டுகளை நகலெடுப்பவைதான். 1 2 3 4 5 என்று ஐந்து பைட் இருக்கிறது. முதல் நான்கையும் ஓரிடம் வலப்புறம் நகர்த்த வேண்டும். முன்னாலிருந்து நகலெடுத்தால் 1 போய் 2-இன் இடத்தில் உட்காரும். அடுத்து அந்த இடத்திலிருந்து எடுப்பது 2 இல்லை, இப்போதுதான் வைத்த 1. கடைசியில் மிஞ்சுவது 1 1 1 1 1. பின்னாலிருந்து தொடங்கினால் 1 1 2 3 4 என்று சரியாக வரும். இடப்புறம் நகர்த்துவதானால் நேர்மாறு. மெம்மூவ் திசையைப் பார்த்து முடிவு செய்யும். மெம்காப்பியோ "பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று படியாது என்று அழைப்பவர் உறுதி தந்திருக்கிறார்" என்று நம்பி எந்தத் திசையிலும் போகலாம்.

அந்த உறுதியைப் பலர் காற்றில் விட்டிருந்தார்கள் என்பது 2010-இல் தெரிந்தது. ஜிலிப்சி சில இன்டெல் பிராசஸர்களுக்காக மெம்காப்பியைப் பின்னாலிருந்து நகலெடுக்கும்படி மாற்றியது. ஃபெடோரா 14 என்ற லினக்ஸ் பதிப்பில் அது வந்ததும் 64 பிட் ஃபிளாஷ் பிளேயரின் ஒலி கரகரத்தது. படிந்த பகுதிகளுக்கு மெம்காப்பியை அழைத்திருந்தார்கள், அதுவரை அதிர்ஷ்டத்தில் ஓடியிருக்கிறது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே அந்தப் பிழை விவாதத்தில் இறங்கி, பயனாளிக்கு உடைந்தால் அது உடைந்ததுதான் என்று வாதாடினார். ஸ்டாண்டர்ட் படி ஜிலிப்சி பக்கம் நியாயம் இருந்தது. கடைசியில் 2.14 பதிப்பில், பழைய நிரல்களுக்கு மெம்மூவ் போல நடக்கும் மெம்காப்பியும், புதிதாக லிங்க் செய்பவற்றுக்கு வேறொன்றும் என்று இரண்டு பதிப்புகளாகப் பிரித்தார்கள்.

எழுதும்போது இரண்டு விஷயம். பின்னோக்கிய லூப்பில் எண்ணியை சைஸ்_டி ஆக வைத்து "பூஜ்யத்துக்குக் குறையாதவரை" என்று நிபந்தனை போட்டால் லூப் முடியவே முடியாது. குறியில்லாத எண் எப்போதுமே பூஜ்யத்துக்குக் குறையாது. மீதமுள்ள எண்ணிக்கை பூஜ்யமாகும்வரை முதலில் ஒன்று குறைத்துவிட்டு பிறகு நகலெடுங்கள். இரண்டாவது, தொடர்பில்லாத இரண்டு அரேக்களின் பாயின்டர்களில் எது பெரியது என்று ஒப்பிடுவதை சி ஸ்டாண்டர்ட் வரையறுக்கவில்லை. ஆகவே மெம்மூவை முழுக்கச் சுத்தமான சி-யில் எழுதுவது நினைப்பதைவிடக் கடினம். முகவரியை முழு எண்ணாக மாற்றி ஒப்பிடுவதுதான் நடைமுறை வழி.

ஸ்டர்என்காப்பி பாதுகாப்பானதா?

இல்லை. அளவு சொல்லி ஸ்ட்ரிங்கை நகலெடுக்கும் இந்த ஃபங்ஷன் அதற்காகப் பிறக்கவும் இல்லை. ஆரம்பகால யூனிக்ஸில் ஒரு டைரக்டரி பதிவுக்கு 16 பைட், அதில் கோப்புப் பெயருக்கு 14. பெயர் சிறியதாக இருந்தால் மீதியைப் பூஜ்யத்தால் நிரப்ப வேண்டும், சரியாக 14 என்றால் முடிவுப் பூஜ்யம் தேவையில்லை. ஸ்டர்என்காப்பி செய்வது அச்சாக இதைத்தான். இதை எழுதும்போது அந்த இரண்டு குணத்தையும் அப்படியே கொண்டுவாருங்கள். "திருத்தி" எழுதினால் அது வேறு ஃபங்ஷன். நிஜமாக வெட்டி நகலெடுக்க வேண்டுமென்றால் ஓபன்பிஎஸ்டி என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டம் 1998-இல் கொண்டுவந்த ஸ்டர்எல்காப்பியை எழுதுங்கள். ஜிலிப்சி அதைச் சேர்த்துக்கொண்டது 2023-இல்தான்.

ஏ டு ஐ எழுதினேன், ஒரே ஒரு எண்ணுக்கு மட்டும் சிக்கல் வருகிறது.

ஸ்ட்ரிங்கை இன்ட்டாக மாற்றும் ஏ டு ஐ-யில் அந்த எண் -2147483648 ஆகத்தான் இருக்கும். 32 பிட் இன்ட்டின் உச்சம் 2147483647, அடி -2147483648. அடிப்பக்கம் ஒன்று கூடுதல். எல்லோரும் எழுதுவது போல நேர்மமாகச் சேர்த்துக்கொண்டே போய்க் கடைசியில் குறியை மாற்றினால், 2147483648 என்ற நேர்ம எண் இடையில் தேவைப்படும். அது இன்ட்டில் அடங்காது. குறியுள்ள எண் நிரம்பி வழிவது அன்டிஃபைன்ட் பிஹேவியர், என்ன வேண்டுமானாலும் நடக்கலாம்.

தீர்வு அழகானது. எதிர்மமாகவே சேருங்கள். ஒவ்வொரு இலக்கத்துக்கும் பத்தால் பெருக்கி இலக்கத்தைக் கழியுங்கள். மைனஸ் குறி இல்லாதிருந்தால் மட்டும் கடைசியில் திருப்புங்கள். மசில் என்ற சின்ன சி லைப்ரரியில் இப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். கல்லூரி லேபில் இன்னும் டர்போ சி ஓட்டுபவர்கள் அங்கே இன்ட் 16 பிட் என்பதை நினைவில் வையுங்கள். உங்கள் சிக்கல் எண் -32768.

முன்னால் வரும் வெற்றிடங்களைத் தாண்டுவது, ஒரே ஒரு குறியை மட்டும் ஏற்பது, இலக்கமில்லாத எழுத்தில் நிற்பது, இவை வழக்கமான சோதனைகள். பெரிய எண் வந்தால் என்ன என்று ஏ டு ஐ சொல்லவில்லை. சொல்வது, ஸ்ட்ரிங்கை லாங் ஆக மாற்றும் ஸ்டர்டோல்தான், அதை எழுதுவது நல்ல அடுத்த படி.

என் மெம்செட் லைப்ரரிக்குச் சமமான வேகத்தில் ஓடுகிறது. நிஜமா?

அனேகமாக நீங்கள் அளந்தது லைப்ரரியையே. ஆப்டிமைசேஷன் போட்டால், "ஒவ்வொரு பைட்டிலும் ஒரே மதிப்பை வைக்கும் லூப்" என்று ஜிசிசி அடையாளம் கண்டு, உங்கள் லூப்பைத் தூக்கிவிட்டு அங்கே மெம்செட் அழைப்பை வைத்துவிடும். கெர்னல் எழுதுபவர் தன் ஃபங்ஷனுக்கு மெம்செட் என்றே பெயர் வைக்கும்போது, கம்பைலர் பதிப்பைப் பொறுத்து, அது தன்னைத்தானே அழைத்து ஸ்டாக் நிரம்பிச் சாகும். வழக்கமான லைப்ரரி இல்லை என்று சொல்லும் ஃப்ரீஸ்டாண்டிங் தேர்வைக் கொடுத்தாலும் மெம்காப்பி, மெம்மூவ், மெம்செட், மெம்கம்ப் நான்கும் இருக்கும் என்று ஜிசிசி எதிர்பார்க்கிறது. இந்தக் குறிப்பிட்ட மாற்றத்தை நிறுத்த "நோ ட்ரீ லூப் டிஸ்ட்ரிபியூட் பேட்டர்ன்ஸ்" என்ற தேர்வு வேண்டும். கம்பைலர் வெளியிடும் அசெம்பிளியை ஒரு தடவை திறந்து பார்ப்பது எல்லாச் சந்தேகத்தையும் தீர்க்கும்.

பிரிண்ட்எஃப் எழுதலாமா?

தாராளமாக, ஆனால் தசமத்தை விட்டுவிடுங்கள். எழுத்து, ஸ்ட்ரிங், முழு எண், ஹெக்ஸ், சதவீதக் குறி இவை போதும். மாறும் எண்ணிக்கை ஆர்குமென்ட்களில் சார் எப்போதும் இன்ட்டாகவும், ஃப்ளோட் எப்போதும் டபுளாகவும் வளர்ந்தே வரும். அதனால் சார் என்று கேட்டு எடுக்கக் கூடாது, இன்ட் என்று எடுங்கள். ஏ டு ஐ-யில் பார்த்த அந்த எதிர்ம எண் இங்கேயும் காத்திருக்கிறது. எத்தனை எழுத்து அச்சானது என்று திருப்ப மறக்காதீர்கள். தசம எண்ணைச் சரியாக அச்சிடுவது தனி ஆராய்ச்சித் துறை. 0.1 என்பதே இருமத்தில் துல்லியமாக அடங்காது.

மாலாக்?

சிரமப்படத் தகுந்தது. ஒரு பெரிய அரேயை எடுத்துக்கொண்டு அதற்குள் துண்டு போட்டுக் கொடுப்பதிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் அதன் அளவைச் சொல்லும் ஒரு தலைப்பு, காலித் துண்டுகளைக் கோத்த ஒரு பட்டியல், ஃப்ரீ ஆகும்போது பக்கத்துக் காலித் துண்டோடு ஒட்டுதல். பெரும்பாலானவர்கள் தவறவிடுவது சீரமைப்பு. நீங்கள் தரும் முகவரி எந்த அடிப்படை வகைக்கும் பொருந்த வேண்டும். 64 பிட் லினக்ஸில் 16-ஆல் வகுபட வேண்டும். தலைப்பு 8 பைட் என்று வைத்தால் கணக்கு தப்பும்.

உருப்படிகளின் எண்ணிக்கையும் ஒன்றின் அளவும் தந்து மெமரி கேட்கும் கேலாக்கை எழுதும்போது பெருக்கலைச் சோதியுங்கள். 32 பிட் கணினியில் 65537 பைட் அளவில் 65536 உருப்படி கேட்டால் பெருக்கல் நிரம்பி வழிந்து 65536 மட்டும் மிஞ்சும். 4 ஜிபிக்கு மேல் கேட்டவருக்கு 64 கேபி கொடுத்து "வெற்றி" என்று சொல்லியிருப்பீர்கள். 2002-இல் பல லைப்ரரிகளின் கேலாக்கில் இந்தச் சோதனை இல்லாதது தெரியவந்தது. சைஸ்_டியின் உச்சத்தை அளவால் வகுத்து, வரும் ஈவைவிட எண்ணிக்கை பெரிதானால் நல் திருப்புங்கள்.

கெட்ஸ்?

வேண்டாம். பஃபரின் அளவு தெரியாமல் படிக்கும் ஃபங்ஷனைப் பாதுகாப்பாக எழுத வழியே இல்லை. 1988 நவம்பரில் இணையத்தில் தானாகப் பரவிய மோரிஸ் வோர்ம் என்ற நிரல் நுழைந்த வழிகளில் ஒன்று, பயனாளிகளைப் பற்றிய தகவல் தரும் ஃபிங்கர் சர்வரிலிருந்த கெட்ஸ் அழைப்பு. 2011-இன் சி ஸ்டாண்டர்ட் அதை நீக்கியே விட்டது.

எழுதியது சரியா என்று எப்படிச் சோதிப்பது?

உங்களிடம் சரியான விடை சொல்லும் லைப்ரரியே இருக்கிறது. ரேண்டம் உள்ளீடுகளை இரண்டுக்கும் கொடுத்து ஒப்பிடுங்கள். ஸ்டர்கம்ப்புக்குக் குறியை மட்டும் ஒப்பிடுங்கள், எண்ணை அல்ல. 127-க்கு மேற்பட்ட பைட்டுகள் கட்டாயம் இருக்கட்டும். நீளம் 0-இலிருந்து நூறு வரை, தொடக்க முகவரியை 0 முதல் 15 வரை தள்ளித் தள்ளி ஓட்டுங்கள். நிரல் ஓடும்போதே பிழை பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரையும் அன்டிஃபைன்ட் பிஹேவியர் சானிடைசரையும் போட்டுக் கம்பைல் செய்தால் மேலே சொன்ன பாதிப் பிழைகள் தாமாகவே வெளியே வரும்.

எல்லை தாண்டிப் படிக்கிறதா என்று அறிய ஒரு கறாரான வழி உண்டு. எம்மேப் மூலம் அடுத்தடுத்து இரண்டு பேஜ் வாங்கி, எம்ப்ரொடெக்ட் மூலம் இரண்டாவதைப் படிக்க முடியாதபடி பூட்டுங்கள். ஸ்ட்ரிங்கின் முடிவுப் பூஜ்யம் முதல் பேஜின் கடைசி பைட்டில் விழும்படி வையுங்கள். ஒரே ஒரு பைட் தாண்டினாலும் அந்த இடத்திலேயே நிரல் விழும்.

யாருடைய கோடைப் படிக்கலாம்?

முதலில் நீங்கள் எழுதிச் சோதனையும் முடித்த பிறகு, மசில். ஆல்பைன் லினக்ஸ் பயன்படுத்துவது அதைத்தான். சின்னது, தெளிவானது, எம்ஐடி லைசன்ஸ். ஜிலிப்சி பெரியது, பிராசஸருக்கு ஒரு பதிப்பு என்று கிளை பிரிந்து போகும், எல்ஜிபிஎல் லைசன்ஸ். அதிலிருந்து துண்டு எடுத்து உங்கள் புராஜெக்ட்டில் ஒட்டுவதானால் அந்த லைசன்ஸ் நிபந்தனைகளையும் சேர்த்தே எடுக்க வேண்டும். மசிலில் ஸ்டர்என்காப்பி, மெம்மூவ், ஏ டு ஐ மூன்றையும் உங்களுடையதோடு பக்கத்தில் வைத்துப் படியுங்கள். மற்றவற்றை அப்புறம் பார்க்கலாம்.